பயணத்தில் பணமாற்றம்



நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். பழனிக்கு நேர்த்திக்கடன், வேளாங்கண்ணிக்கு வேண்டுதல், நாகூர் தர்கா, பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, இப்படி ஏதோ ஒன்று நம்மைத் தமிழகத்துக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறது. விமானச் சீட்டு வாங்குவதில் நாம் கெட்டிக்காரர்கள். நான்கு இடங்களில் விலை கேட்போம். இருபது வெள்ளி குறைகிறது என்றால் விடியற்காலை மூன்று மணி விமானத்துக்கும் சம்மதிப்போம். ஆனால் அதே பயணத்துக்காகச் சேர்த்த பணத்தை ரூபாயாக மாற்றும்போது மட்டும், முதலில் கண்ணில் படும் முகப்பில் நீட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். சீட்டில் மிச்சம் பிடித்த இருபது வெள்ளி அங்கே பல மடங்காகக் கரைந்துபோகிறது. அந்தக் கரைசலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

2025 செப்டம்பர் விடுமுறையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சிலர் குடும்பங்களோடு தமிழகம் போனோம். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு மகன் வீட்டில் இருக்கிறார். கணவரின் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து, வந்தவர்களுக்கு ஒரு பந்தி போட வேண்டும் என்பது அவருடைய வெகுநாளைய எண்ணம். அதற்காக 1,200 வெள்ளியைத் தனியே ஒரு துணிப்பையில் முடிந்து வைத்திருந்தார். இங்கேயே ரூபாயாக மாற்றிக்கொள்ளலாமே என்று மருமகள் சொன்னபோது, “வெள்ளியா இருந்தா நம்ம காசு, ரூபாயா மாத்திட்டா எவன் காசோ” என்று மறுத்துவிட்டாராம்.

நாங்கள் இறங்கிய விமான நிலையத்தில் பணம் மாற்றும் முகப்பு ஒன்று பளிச்சென்று விளக்கெரிய நின்றது. தரகு வாங்குவதில்லை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பாட்டி தம் 1,200 வெள்ளியையும் அங்கே கொடுத்தார். 20,400 ரூபாய் கைக்கு வந்தது. பேருந்தில் ஏறி அரைமணி நேரம் கழித்துத்தான் பேச்சு எழுந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் புறப்படுவதற்கு முந்தின வாரமே பட்டணத்துக் கடையில் 1,200 வெள்ளி கொடுத்து 24,000 ரூபாய் வாங்கி வந்திருந்தார். பாட்டி திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டார்: “வாத்தியாரையா, இவ காசும் என் காசும் ஒரே காசுதானே?”

ஒரே காசுதான். ஆனால் 3,600 ரூபாய் குறைந்துவிட்டது. பந்திக்குப் பேசி வைத்திருந்த சமையற்காரரிடம் இலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பாட்டி யாரையும் ஏசவில்லை. எங்களுக்குத்தான் மனம் உறுத்தியது. பயணத்துக்கு முன் கூட்டம் போட்டோம். மாத்திரை கொண்டுவாருங்கள், மாற்றுச் செருப்பு கொண்டுவாருங்கள், கடப்பிதழின் நகலைத் தனியாக வையுங்கள் என்றெல்லாம் சொன்னோம். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரவர் பணம், அதில் நாம் தலையிடுவது மரியாதையாக இராது என்று எண்ணிவிட்டோம்.

திரும்பி வந்ததும் அந்தக் கணக்கை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதினோம். பெயர் சொல்லவில்லை. ஒரு கடைக்காரர் 100 ரூபாயை 5 வெள்ளிக்கு விற்கிறார். அதே 100 ரூபாயை 4 வெள்ளி 70 காசுக்கு வாங்குகிறார். ஒருவர் 1,000 வெள்ளி கொடுத்து ரூபாய் வாங்குகிறார். பயணம் ரத்தாகிவிடுகிறது. மறுநாளே அதே கடையில் அத்தனை ரூபாயையும் திருப்பிக் கொடுக்கிறார். கையில் எவ்வளவு இருக்கும்? பிள்ளைகள் கணக்கிட்டார்கள். 1,000 வெள்ளிக்கு 20,000 ரூபாய். 20,000 ரூபாய்க்கு 940 வெள்ளி. ஒரு சிறுமி எழுந்து, “சார், எங்கேயும் போகல, எதுவும் வாங்கல. 60 வெள்ளி எங்கே சார்?” என்றாள்.

அதுதான் கேள்வி. பணம் மாற்றும் கடையின் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை. மற்றொன்று நமக்கு விற்கும் விலை. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் கடைக்காரரின் ஊதியம். கடை வாடகை, ஆள் சம்பளம், நாளைக்கு விலை சரிந்தால் வரக்கூடிய நட்டம் எல்லாம் அதற்குள் அடங்கும். அது நியாயமான ஊதியமே. ஆகவே ‘தரகு இல்லை’ என்ற வாசகத்தில் பொய் இல்லை, பொருளும் இல்லை. தரகு என்ற பெயரில் வாங்காததை விலைக்குள் வைத்து வாங்கிக்கொள்ளலாம். இடைவெளியை அகலமாக்கிவிட்டால் போதும்.

இடைவெளி அகலமா குறுகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு விலைக்கும் நடுவில் ஒரு விலை உண்டு. வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை ஏறக்குறைய அந்த நடு விலையை ஒட்டியே இருக்கும். இன்று கைத்தொலைபேசியில் தேடினால் உடனே காட்டுவது அதைத்தான். நம் கணக்கில் அது 100 ரூபாய்க்கு 4 வெள்ளி 85 காசு. அந்த விலையில் எந்தக் கடையிலும் நமக்குக் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதும் சரியன்று. ஆனால் அது நமக்கு ஓர் அளவுகோல். 1,200 வெள்ளிக்கு நடு விலைப்படி 24,700 ரூபாய்க்குச் சற்று மேல் வர வேண்டும். 24,000 வந்தது என்றால் 100க்கு 3 போயிற்று. 20,400 வந்தது என்றால் 100க்கு 17க்கு மேல் போயிற்று. கடையில் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இத்தனை வெள்ளி கொடுத்தால், எல்லாம் போக, என் கையில் எத்தனை ரூபாய் வரும்?” தரகு, சேவைக் கட்டணம், வரி எல்லாவற்றையும் அந்த ஒரு பதிலுக்குள் சொல்ல வைத்துவிட வேண்டும்.

பாட்டி ஒன்றைச் சரியாகத்தான் உணர்ந்திருந்தார்: வெள்ளி நம் காசு. ஆனால் அது நம் நாட்டில்தான் காசு. கடல் கடந்தால் அது ஒரு சரக்கு. வாங்குவோர் பலர் இருந்தால் நல்ல விலை. ஒருவரே இருந்தால் அவர் சொன்ன விலை. 1998ஆம் ஆண்டின் பணநெருக்கடி பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நம் அரசாங்கம் நாட்டுக்கு வெளியே வெள்ளி வாணிபம் நடப்பதற்கு முடிவு கட்டியது. மறுநாள் ஓர் அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தியது. அந்த நிலைவிலை 2005 ஜூலை 21ஆம் நாள் நீக்கப்பட்டது. ஆயினும் டாலரைப் போல உலகச் சந்தையில் தாராளமாகப் புரளும் நாணயமாக வெள்ளி இன்றும் இல்லை. சென்னையிலும் திருச்சியிலும் நம் மக்கள் போக்குவரத்து அதிகம். அங்கே வெள்ளியை அறிவார்கள். உள்ளே ஒரு சிற்றூருக்குப் போய் நீட்டினால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

(ஜொகூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வேறொரு காலத்தைச் சொல்வார்கள். 1967இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டபோது ஒன்றுக்கு ஒன்று சரியாக மாறும் என்று ஏற்பாடு இருந்தது. 1973 மே மாதம் மலேசியா அதிலிருந்து விலகியது. அதற்கு முன் பாலத்தைக் கடந்துபோய்ச் சாமான் வாங்கி வர நாணயக் கணக்கே தேவைப்படவில்லை. சிங்கப்பூருக்கும் புருணைக்கும் இடையே அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது.)

ஆகவே ரூபாயை ரூபாய் மலிந்து கிடக்கும் இடத்தில் வாங்க வேண்டும். நமக்கு அது நம் நாட்டுப் பட்டணங்களே. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் வட்டாரங்களிலும், பினாங்கில் லிட்டில் இந்தியாவிலும் பணம் மாற்றும் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஊருக்குப் போகிறவர் ரூபாய் வாங்குகிறார்; ஊரிலிருந்து வந்தவர் விற்கிறார். சரக்கு அங்கேயே சுழல்கிறது. எதிர்க்கடைக்காரர் என்ன விலை சொல்வார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால் இடைவெளி குறுகுகிறது. பத்துக் கடைகளுக்கு நடுவில் உள்ள கடையும், விமானம் ஏறும் அவசரத்தில் எதிர்ப்படும் ஒற்றை முகப்பும் ஒரே விலை கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தத் தொழிலில் நம்மவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. சிங்கப்பூரின் சேஞ்ச் ஆலியில் கப்பல் மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் பணம் மாற்றிக் கொடுத்தவர்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலர். லெபோ அம்பாங் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த தெரு. அந்நாளில் இங்கே ஒரு கிட்டங்கியில் பணம் கட்டி உண்டியல் சீட்டு எழுதி வாங்கினால், அந்தச் சீட்டைக் காட்டி ஊரில் பணம் பெறலாம். பணம் கடலைத் தாண்டாமலே தாண்டியது. ரஜூலா கப்பலில் போன நம் பாட்டன்மார் ரொக்கத்தைவிடப் பொன்னையும், கோடாலித் தைலத்தையும், சட்டைத் துணியையும் கொண்டுபோனதற்கும் காரணம் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எது விலை போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

உண்டியல் என்ற பெயர் இன்றும் நம் காதில் விழுகிறது. ஆனால் இன்று அந்தப் பெயரில் நடப்பது வேறு. ‘இங்கே கொடுங்கள், ஊரில் வீட்டுக்கே வந்து தருவார்கள், கடையைவிட நல்ல விலை’ என்று தெரிந்தவர் மூலம் தகவல் வரும். 2011ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி, பணம் மாற்றுவதற்கும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கும் பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடை அதைப் பார்வைக்கு மாட்டியிருக்கும், ரசீது கொடுக்கும், தொகை பெரிதானால் அடையாள அட்டையையும் கேட்கும். அடையாள அட்டை கேட்கிறார்களே என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்கிறோம். கேட்காதவரிடம்தான் நாம் அஞ்ச வேண்டும். ரசீது இல்லாமல் கைமாறிய பணம் வந்து சேரவில்லை என்றால் எந்தக் காவல் நிலையத்தில், எதைக் காட்டி முறையிடுவது?

சரி, எல்லாவற்றையும் இங்கேயே ரூபாயாக மாற்றிக்கொண்டு போகலாமா? முடியாது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவுக்குள் 25,000 ரூபாய் வரைதான் ரொக்கமாகக் கொண்டுவரலாம், அதுவும் விமான நிலையம் வழியாக. 2014இல்தான் இந்த அளவு 25,000 ஆயிற்று. பாகிஸ்தான், வங்காளதேசக் குடிமக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இந்த அளவு தலைக்கு என்பதால், கணவன் மனைவி இருவரும் தனித்தனியே அந்த அளவுவரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் தேவைப்படுவதை வெள்ளியாகவோ டாலராகவோ அட்டையாகவோ கொண்டுபோக வேண்டும். நம் நாட்டை விட்டுப் புறப்படும்போது ரொக்கம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேற்பட்டால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அளவு வராது. ஆனால் திருமணத்துக்கு நகை எடுக்கப் போகிற குடும்பம், மொத்தப் பணத்தையும் ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சிக்கிக்கொள்வதுண்டு.

ரூபாய் நோட்டுகளை வாங்கும்போது அங்கேயே, கடைக்காரர் முன்னிலையிலேயே எண்ண வேண்டும். கிழிந்ததையும் ஒட்டுப் போட்டதையும் அப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் பேருந்து நடத்துநர் கிழிந்த நோட்டை வாங்கமாட்டார். எல்லாவற்றையும் 500 ரூபாய் நோட்டாக வாங்காமல் 100, 200 நோட்டுகள் சிலவும் கேளுங்கள். இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஆட்டோக்காரரிடம் ‘சில்லறை இல்லை’ என்ற பதிலைக் கேட்காத பயணி இல்லை.

இங்கே பழைய நோட்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சென்ற பயணத்தில் மீந்த ரூபாயை அடுத்த பயணத்துக்கென்று அலமாரியில் சேலை மடிப்புக்குள் வைப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, அன்று நள்ளிரவு முதல் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்குப் பிறகு சில மாதத் தவணை கிடைத்தது. மலேசியக் குடிமக்களாகிய நமக்கு அந்தத் தவணை இல்லை. எத்தனை வீடுகளில் அந்த நோட்டுகள் வெறுங்காகிதமாயின! எங்கள் பள்ளி வட்டாரத்திலேயே ஒரு தாயார் ஒன்பது 1,000 ரூபாய் நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறார். ‘என்றைக்காவது வாங்குவார்கள்’ என்கிறார். வாங்கமாட்டார்கள். அதன் பிறகு வந்த 2,000 ரூபாய் நோட்டையும் புழக்கத்திலிருந்து மீட்டுக்கொள்வதாக 2023 மே 19ஆம் நாள் அறிவித்துவிட்டார்கள். இங்கே யாராவது 2,000 ரூபாய் நோட்டைச் சலுகை விலையில் நீட்டினால் வாங்காதீர்கள். இது இந்தியாவில் மட்டும் நடப்பதன்று. நம்முடைய 500 வெள்ளி, 1,000 வெள்ளி நோட்டுகளும் 1999 ஜூலை முதல் நாளிலிருந்து செல்லாதவைதாமே.

இனி அட்டைக்கு வருவோம். முன்பெல்லாம் பயணிகள் காசோலை என்று ஒன்று இருந்தது. வங்கியில் வாங்கி, ஒரு கையெழுத்து இங்கே, மறு கையெழுத்து அங்கே போட்டு மாற்றுவார்கள். தொலைந்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும். அந்தக் காலம் போய்விட்டது. அதன் வேலையை இன்று வங்கி அட்டை செய்கிறது. ஊரில் தானியங்கிப் பணப்பொறியில் அட்டையைச் செருகினால் ரூபாய் வருகிறது. நம் கணக்கில் வெள்ளி கழிகிறது. மாற்று விலை பெரும்பாலும் நடு விலைக்கு அருகில்தான் இருக்கும். சுமை எங்கே வருகிறதென்றால், கட்டணத்தில். நம் வங்கி, எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டணம் வாங்கும். அங்குள்ள வங்கியும் தன் பங்குக்கு ஒன்று வாங்கலாம். இரண்டும் சேர்ந்து 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 100 வெள்ளி மதிப்புக்கு எடுத்தால் 100க்கு 15 போய்விட்டது. பாட்டியின் விமான நிலைய முகப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். 500 வெள்ளி மதிப்புக்கு ஒரே தடவையாக எடுத்தால் 100க்கு 3தான். அங்கே பல பணப்பொறிகள் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் தருவதில்லை. ஆகவே எடுக்கிற அன்று அந்த அளவு எடுத்துவிட வேண்டும். தினம் ஆயிரம் ஆயிரமாக எடுப்பது சிக்கனம் போலத் தோன்றும்; அது சிக்கனமன்று.

போகுமுன் வங்கியில் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டு அட்டைகளில் வெளிநாட்டில் பணம் எடுக்கும் வசதி பொதுவாக மூடியே இருக்கும். நாம் கேட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த வசதிக்கு எவ்வளவு கட்டணம் என்பது இரண்டாவது. எங்கள் குழுவில் ஓர் ஆசிரியர், கணக்கில் போதிய பணம் இருந்தும் மதுரையில் மூன்று பொறிகளில் முயன்று வெறுங்கையோடு வந்தார். அட்டை திறக்கப்படவில்லை. திறக்கலாமென்று தொலைபேசியை எடுத்தால், மலேசிய சிம்மைக் கழற்றிவிட்டு இந்திய சிம்மைப் போட்டிருந்தார். வங்கி அனுப்பிய ஒப்புதல் எண் வந்து சேரவில்லை. கழற்றிய சிம் தங்குவிடுதியில் சட்டைப்பையில் கிடந்தது. பொறியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிறு யோசனை: வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் பொறியில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். அட்டை உள்ளே மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இருக்கும்.

அட்டை விஷயத்தில் நன்றாகப் படித்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. துணிக்கடையில் 8,000 ரூபாய்க்குச் சேலை எடுத்து அட்டையைக் கொடுக்கிறீர்கள். கடைக்காரரின் கருவி கேட்கும்: ரூபாயில் கழிப்பதா, உங்கள் நாட்டு வெள்ளியில் கழிப்பதா? வெள்ளியில் எவ்வளவு என்றும் காட்டும். வெள்ளி என்றால் நமக்கு உடனே புரிகிறது, மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது, அழுத்திவிடுகிறோம். அந்த நிம்மதிக்குத்தான் விலை. வெள்ளி என்று அழுத்தினால் மாற்று விலையை அந்தக் கருவியின் பக்கம் உள்ளவர்கள் நிர்ணயிக்கிறார்கள். தங்கள் ஊதியத்தை அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். ரூபாய் என்று அழுத்தினால் அட்டை நிறுவனத்தின் விலை வரும். அதன் மேல் நம் வங்கி ஒன்றோ இரண்டோ விழுக்காடு சேர்த்தாலும் பெரும்பாலும் இதுவே மலிவு. பணப்பொறியும் சில வேளை இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கும். ‘மாற்றம் செய்து தரட்டுமா’ என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பணம் வரும், பயப்பட வேண்டாம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு நாணயத்திலேயே கழிக்கச் சொல்வதுதான் சரி.

கடன் அட்டையைக் கொண்டு பணப்பொறியில் ரொக்கம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதற்கு முன்பணக் கட்டணம் தனி. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். பொருள் வாங்கியதற்குக் கிடைக்கும் தவணை நாள்கள் அதற்குக் கிடையா.

கைத்தொலைபேசியைக் காட்டிப் பணம் கொடுக்கும் காலம் இது. தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் நாடுகளின் கடைகளில் உள்ள கட்டக் குறியை நம் மலேசிய வங்கிச் செயலிகள் பலவற்றால் படித்துப் பணம் செலுத்தலாம். ஹாட்யாய்க்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. இந்தியாவிலோ தள்ளுவண்டியில் இளநீர் விற்பவர்கூடக் குறியை ஒட்டி வைத்திருக்கிறார். அது அந்நாட்டு வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கான யுபிஐ முறை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று யுபிஐ ஒன் வேர்ல்டு என்ற முன்பணப் பை ஒன்றை 2023இல் கொண்டுவந்தார்கள். கடப்பிதழையும் விசாவையும் காட்டி, பணம் நிரப்பிப் பயன்படுத்தலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்கும் என்று நம்பிக் கையில் ரொக்கமில்லாமல் இறங்குவது நல்லதன்று.

ஊரில் ரொக்க வெள்ளியை மாற்ற வேண்டி வந்தால், இறங்கியவுடன் அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் விமான நிலையத்தில் மாற்றுங்கள். ஆட்டோவுக்கும் அன்றைய சாப்பாட்டுக்கும் போதுமானது போதும். மீதியை நகரத்துக் கடைத்தெருவில் இரண்டு மூன்று இடம் கேட்டு மாற்றலாம். ஒவ்வொரு தடவைக்கும் அங்கே வரி உண்டு. மாற்றும் தொகையில் 1 விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன் மேல் 18 விழுக்காடு. அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் கீழே இறங்காது. ஆகவே எவ்வளவு சிறிய தொகையை மாற்றினாலும் 45 ரூபாய் வரி போய்விடும். ஐந்து தடவை மாற்றினால் ஐந்து 45. மாற்றியதற்கான சான்றுச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கடப்பிதழோடு வையுங்கள். புறப்படும்போது மீந்த ரூபாயைத் திருப்பி மாற்ற அதைக் கேட்பார்கள்.

மீந்த ரூபாயைத் திருப்பி மாற்றும்போது அந்தச் சிறுமியின் 60 வெள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, இரண்டு பக்கமும் இடைவெளி நம்முடையது. அதனால் கடைசி மூன்று நாள்களில் கையிருப்பை எண்ணிப் பார்த்து, விடுதிக் கட்டணத்தை ரொக்கத்தில் கொடுத்துத் தீர்த்துவிட்டு, போதாததற்கு மட்டும் அட்டையைப் பயன்படுத்தினால் மீதம் அதிகம் இராது. சில நூறு ரூபாய் மீந்தால் அடுத்த பயணத்தின் ஆட்டோவுக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேலை மடிப்புக்குள் வைத்து மறந்துவிடாமல், எந்த நோட்டு செல்லும் என்று ஆண்டுக்கு ஒரு தடவை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாட்டி மறுபடியும் புறப்படுகிறார். பந்தியில் குறைந்த இலைகளை ஈடுகட்ட வேண்டுமாம். சென்ற வாரம் பேத்தியை அழைத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியா போய், நான்கு கடைகளில் விலை கேட்டு, நான்காவது கடையிலிருந்து திரும்ப இரண்டாவது கடைக்கே வந்தாராம். கடைக்காரர் பொறுமையாக ஒவ்வொரு நோட்டையும் எண்ணிக் காட்டினாராம். ரசீதைத் துணிப்பைக்குள் முடிந்து வைத்திருக்கிறார்.